ஆகாதவர்கள் உட்காருங்கள்

கலா அக்காவின் குறுஞ்செய்தி வந்தபோது எங்கள் இணையக் குழுமத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. குழுமத்தின் முகப்பை மாற்றுவதா வேண்டாமா என்று இரண்டு நாளாகச் சண்டை. ஒருவரே மூன்று பெயரில் வந்து ஓட்டுப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் இருந்தேன். "ஆயம்மா காலைல போயிட்டாங்க. அந்திக்கு எடுக்குறாங்க" என்று ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாள் அக்கா. எந்த ஆயம்மா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒரே ஆயம்மாதான். கொழும்பிலிருந்து அந்திக்குள் பதுளைக்கு வந்து சேர முடியாது. நான் வந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று சொல்ல முடியாமல் போனதை அவரைத் தெரிந்தவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தெய்வானை ஆயம்மா ஹாலிஎல ஊருக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவர். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. பாதித் தோட்டத்தை அவர்தான் தொட்டிலில் போட்டு ஆட்டியிருக்கிறார். தாலாட்டுக்கு மட்டும் அவருக்கு மதிப்பெண் போடச் சொல்லாதீர்கள். குரல் அப்படி. ஆனால் கூட்டம் நடத்துவதில் அவருக்கு நிகரான ஆளை நான் நேரிலும் பார்த்ததில்லை, இணையத்திலும் பார்த்ததில்லை. பாட்டுக்காரருக்கும் பந்து போடுகிறவருக்கும் ரசிகர்கள் இருக்கும்போது, கூட்டம் நடத்துகிறவருக்கு ஒரு ரசிகை இருக்கக்கூடாதா? நான்தான் அந்த ரசிகை.

எல்லாம் ஒரு பஸ்ஸில் தொடங்கியது. தொண்ணூறுகளின் நடுவில் தோட்டத்துப் பாதைக்குத் தார் போட்டார்கள். பதுளைக்கு ஒரு பஸ் விடலாம் என்று டிப்போவிலிருந்து ஒரு மாத்தியா, சிங்கள அதிகாரி, பேச வந்தார். காலையில் ஒரே ஒரு நடை. எத்தனை மணிக்கு என்பதைத் தோட்டமே சொல்ல வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் கோவா என்கிற முட்டைக்கோஸும் போஞ்சி என்கிற பீன்ஸும் போட்டவர்களுக்கு ஐந்து மணி வேண்டும். அப்போதுதான் சந்தையில் இடம் கிடைக்கும். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு எட்டரை வசதி. பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்களுக்கு ஆறு மணியை விட்டால் வேறு வழியில்லை.

எங்கள் வீட்டில் அந்த ஆறு மணியில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. கலா அக்கா சாதாரண தரப் பரீட்சையை நன்றாகப் பாஸ் பண்ணியிருந்தாள். அதற்கு மேல் விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் பதுளைக்குத்தான் போக வேண்டும். விடியாத காட்டுப் பாதையில் ஹாலிஎல வரைக்கும் ஒரு பிள்ளையை நடக்கவிட முடியாது. கொழும்பில் ஒரு பங்களாவில் வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஒருவர் அதற்குள் இரண்டு தடவை வந்து தேநீர் குடித்துவிட்டுப் போயிருந்தார். அப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார். "ஆறு மணிக்கு பஸ் வந்தா படி. வராட்டி கொழும்புக்குப் போ. நான் வேற என்னத்தப் பண்ண?"

முதல் கூட்டம் பெரட்டுக் களத்தில் நடந்தது. காலையில் எல்லோரும் வேலைக்கு வந்து நிற்க, கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடும் அதே இடம். அன்றும் அவர்தான் முன்னால் நின்று, "அஞ்சு மணிக்கு வேணுங்கிறவங்க கை தூக்குங்க" என்றார். எல்லோரும் தூக்கினார்கள். "ஆறு மணிக்கு?" எல்லோரும் தூக்கினார்கள். "எட்டரைக்கு?" என்றபோதும் எல்லாக் கையும் மேலே. டிப்போ மாத்தியா பேனாவை மூடிவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "எல்லாருக்கும் எல்லாம் சரி. அப்ப நான் எதை எழுதுறது?" அடுத்த கிழமை வருவதாகவும், அதற்குள் ஒரே நேரத்தைச் சொல்லாவிட்டால் பஸ் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும் என்றும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் போனதும் களத்தில் சண்டை. நான் அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா மூணு தடவையும் தூக்குன?"

"தூக்காட்டி பேரு விழாதேடி."

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் கையைத் தூக்கினால்தான் அன்றைய நாள் வேலைக்கணக்கில் ஏறும். அதைத்தான் 'பேர் விழுவது' என்பார்கள். பிந்தி வந்தால் அரைப்பேர். தூக்காதவருக்கு அதுவும் இல்லை. வாழ்நாள் முழுக்க அந்தக் களத்தில் அந்தக் கைக்கு ஒரே அர்த்தம்தான், 'நான் இருக்கிறேன்' என்பது. 'எனக்கு இது வேண்டும்' என்று சொல்ல அதே கையை எப்படி நம்புவது?

இதைக் கவனித்தவர் ஆயம்மா. விடியற்காலையில் அவர் பெரட்டுக்கு வருவதில்லை, பிள்ளைக்காம்பராவில் தொட்டில் கட்டிக்கொண்டிருப்பார். அதனால் அன்று மூன்று தடவையும் கையைக் கீழே வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நேராகக் கணக்கப்பிள்ளையிடம் போனார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க மொகத்தப் பாத்தா எங்காளுங்களுக்கு கை தானா மேல போகுது. அடுத்த கூட்டத்துக்கு நீங்க வீட்ல இருந்தா புண்ணியமாப் போகும்."

கணக்கப்பிள்ளை சிரித்துவிட்டார். "அப்ப யாரு நடத்துறது, நீங்களா?"

"நான்தான். கை தூக்காதவ நான் ஒருத்திதானே."

இரண்டாவது கூட்டத்தின் முதல் பாதியில் பஸ் என்ற பேச்சே வரவில்லை. "எத்தன மணின்னு அப்புறம் பாப்போம். எப்பிடி முடிவெடுக்கிறதுன்னு மொதல்ல முடிவெடுப்போம்" என்றார் ஆயம்மா. அந்த ஒரு வரிக்காகவே நான் ரசிகையானேன் என்று நினைக்கிறேன்.

கோவாக்காரர்களின் தலைவர் முத்துசாமி மாமா. பெரிய தோள், பெரிய வாய். அவர்தான் ஆரம்பித்தார். "பேரு போடுறவங்களுக்குத்தான் ஓட்டு. பள்ளிக்கொடத்துப் புள்ளைகளுக்கெல்லாம் எதுக்கு?"

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப ரிட்டயர் ஆனவங்களுக்கு அரை ஓட்டா மாமா?" என்று சீண்டினார்.

"அரைப்பேரு போடுறது தொர வேல. அத நாம செய்ய வேணாம்" என்றார் ஆயம்மா. "பஸ்ஸுல அரை டிக்கெட்டு இருக்கட்டும், அரை ஆளு கெடையாது. யாரு ஏறுவாங்களோ அவங்களுக்கெல்லாம் ஓட்டு."

"கைக்கொழந்தைக்கு?"

"அது எல்லாத்துக்கும் ஆகாதுன்னுதான் அழும். அத விட்ருங்க."

பிறகு தன் யோசனையைச் சொன்னார். கையை யாரும் தூக்க வேண்டாம். எல்லோரும் நிற்போம். ஒரு நேரத்தைச் சொல்லும்போது, அது தனக்கு ஆகவே ஆகாது என்பவர் உட்கார வேண்டும். பெரட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை. அதனால் பழக்கதோஷத்தில் யாரும் உட்கார்ந்துவிட மாட்டார்கள். இது முதல் விதி. உட்கார்ந்தவர் ஏன் என்று சொல்ல வேண்டும், தான் எழும்ப என்ன வேண்டும் என்றும் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. எந்த நேரத்துக்குக் கடைசியில் ஆகக் குறைந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களோ அந்த நேரம். "எது வேணும்னு கேட்டா வாய் பெருசா இருக்கிறவன் ஜெயிப்பான். எது ஆகாதுன்னு கேட்டாத்தான் வலி எங்க இருக்குன்னு தெரியும்" என்றார்.

ஒத்திகை பார்த்தபோது கிட்ணன் தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் எல்லாவற்றுக்கும் உட்கார்ந்திருந்தார்கள். என்ன ஆகாது என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல தாயி, முட்டி வலி" என்றார் தாத்தா. அதனால் இன்னொரு விதி வந்தது. வயசாளிகள் உட்கார்ந்தே இருக்கலாம், ஆகாது என்றால் அவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் ஒருவர், "வெயிலுக்குப் போட்டா?" என்று கேட்டார். கூட்டம் நிழலுக்கு நகர்ந்தது. சலிப்பாக இருந்திருக்க வேண்டிய நேரம் அது. எனக்கு அந்தப் பின்னேரம் முடியக்கூடாது என்றிருந்தது.

பிறகு உண்மையான வாக்கெடுப்பு. ஐந்து மணி என்றதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அவர்களின் அம்மாமாரும் உட்கார்ந்தார்கள். இருட்டில் பதுளையில் இறங்கி, பள்ளிக்கூடம் திறக்கும்வரை பெண்பிள்ளைகள் எங்கே நிற்பது? என்ன ஏற்பாடு செய்தாலும் எழும்ப மாட்டோம் என்றார்கள். ஐந்து மணி விழாது என்பது அதிலேயே தெரிந்துவிட்டதால் ஆயம்மா அதற்கு உட்கார வேண்டியிருக்கவில்லை. எட்டரை என்றதும் அதே கூட்டத்தோடு கோவாக்காரர்களும் சேர்ந்து உட்கார, களத்தில் பாதிக்கு மேல் தரையில் இருந்தது.

"ஆறு மணி" என்றார் ஆயம்மா.

கோவாக்காரர்கள் மட்டும் உட்கார்ந்தார்கள். கலா அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினாள். அந்த நொடியில் எண்ணியிருந்தால் எங்கள் பஸ் ஆறு மணிக்கு வந்திருக்கும். ஆனால் ஆயம்மா எண்ணவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னால், மண்ணில் உட்கார்ந்தார்.

கூட்டம் நடத்துகிறவரே உட்கார்ந்ததும், அதுவரை தயங்கி நின்ற ஆஸ்பத்திரிக்காரர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எழுந்து நின்றவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"என்னா தெய்வானை இது? எம் புள்ளைய நீதான தொட்டில்ல போட்டு ஆட்டுன?"

"ஆமா, நான்தான். அதுக்காக ஆகாதத ஆகும்னு சொல்லச் சொல்றியா?"

"ஏன் ஆகாது?"

ஆயம்மா சொன்னார். அவர் கணவர் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். கிளினிக் நாளில் அவரை எப்படிக் கொண்டுபோகிறார் என்பது யாருக்கும் தெரியாது. விடியமுன் எழுந்து, துடைத்து, துணி மாற்றி, முதுகில் தூக்கிப் பாதைவரை கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போகும் ஏதாவது லொறிக்காகக் காத்திருப்பாராம். "ஒத்த ஆளா ஆறு மணிக்கு அவர ரோட்டுக்குக் கொண்டாந்து சேக்க முடியாது. எட்டரைன்னா முடியும்" என்றார். குரல் உயரவுமில்லை, உடையவுமில்லை.

எழும்ப என்ன வேண்டும் என்று அவரிடம் யார் கேட்பது? கேட்க வேண்டியவரே தரையில். கடைசியில், தானும் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே முத்துசாமி மாமா கேட்டார்.

"சரி, நீ எழும்ப என்னா வேணும்?"

"தூக்க ஒரு ஆளு வேணும்."

"ஒம் புருசன் ஒரு கோவா மூட்டைய விட கனமா இருப்பானா?"

"இப்ப இல்ல. எளச்சுட்டாரு."

"அப்ப நான் தூக்குறேன். இதச் சொல்ல ஒனக்கு இத்தன வருசமா?"

ஆயம்மா சேலையில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கண்ணைத் துடைத்ததாக அம்மா சொல்கிறார், நான் பார்க்கவில்லை. எழுந்தவுடன் முத்துசாமி மாமாவைப் பார்த்து, "இப்ப நீ எழும்ப என்னா வேணும், அதச் சொல்லு" என்றார். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு மட்டும் பஸ் விடியமுன் வர வேண்டும், மற்ற நாளில் மூட்டைகளை மேலே ஏற்ற இடம் வேண்டும் என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, யாருக்கும் ஆட்சேபமில்லை. கோவாக்காரர்கள் எழுந்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களில், தூக்கிவிட ஆள் கேட்டவர்களுக்கு ஆள் கிடைத்தது. அதற்குமேல் ஒருவர் இருவர்தான் தரையில். டிப்போ மாத்தியா திரும்பி வந்தபோது ஆயம்மா அவரிடம் ஆறு மணியையும் ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னார். "இந்தத் தடவை எல்லாருக்கும் சரியா?" என்று சந்தேகமாகக் கேட்டார் அவர். "சரியில்லாதவங்களும் இருக்காங்க மாத்தியா, அவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார் ஆயம்மா.

பஸ் வந்தது. கலா அக்கா போனாள். கிளினிக் நாளில் முத்துசாமி மாமா ஆயம்மாவின் கணவரைத் தோளில் போட்டுக்கொண்டு வருவதும், அவர் தோளில் இருந்தபடியே மாமாவின் நடையைக் குறை சொல்லிக்கொண்டு வருவதும் எங்களுக்குப் பழகிய காட்சியாயிற்று. "பள்ளம் பாத்து நட, நான் ஏற்கனவே ஒரு தடவ விழுந்தவன்" என்பார். அக்கா முதல் தடவை உயர்தரப் பரீட்சையில் கோட்டை விட்டாள். இரண்டாம் தடவை பாஸ் பண்ணி, இன்று பதுளையில் ஒரு மருந்தகத்தில் மருந்து கலந்து கொடுக்கிறாள். டாக்டராகவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களிடம், கொழும்பில் பாத்திரம் கழுவவில்லையே என்று சொல்கிறாள்.

உட்காரும் விதியை நான் கோயில் கட்டிக் கும்பிடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். திருவிழாவுக்கு என்ன நிகழ்ச்சி என்று ஒரு வருடம் அதே முறையில் கேட்டோம். இசைக்குழு என்றதும் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். வீடியோப் படம் என்றதும் பூசாரி உட்கார்ந்தார். பட்டிமன்றத்துக்கு ஒருவரும் உட்காரவில்லை. பட்டிமன்றமே நடந்தது. மேடையில் ஏழு பேர், கீழே அதைவிடக் கொஞ்சம் அதிகம். முன்வரிசையில் ஆயம்மா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் அவரே சொன்னார். "ஆகாதுன்னு சொல்ல ஆளில்ல. ஆனா வேணும்னு சொல்லவும் ஆளில்லியே. பஸ்ஸுக்கு ஒரு விதி, பாட்டுக்கு வேற விதிதான் வச்சுக்கணும்."

வேறு விதி தேடித்தான் நான் இணையத்துக்குள் விழுந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இணையக் கடை வந்தது. கையில் இருந்ததையெல்லாம் அங்கே கரைத்தேன். ஓட்டுப் போடும் முறைகளைப் பற்றி உலகம் முழுக்க ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்பதை அங்கேதான் கண்டேன். விருப்பங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி எண்ணுவது, பிடித்ததற்கெல்லாம் புள்ளடி என்கிற பெருக்கல் குறி போடுவது, புள்ளி கொடுப்பது என்று எத்தனையோ. ஒவ்வொன்றிலும் ஓட்டை இருக்கிறது என்று ஒரு கூட்டம், இருந்தாலும் இதுதான் நல்லது என்று இன்னொரு கூட்டம். மூச்சு வாங்க மேலே தோட்டத்துக்கு ஓடிப்போய் ஆயம்மாவிடம் வரிசைப்படுத்தும் முறையை விளக்கினேன். பிள்ளைக்காம்பராவின் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதில் செய்து பார்த்தோம். யாருக்கும் முதல் விருப்பமாக இல்லாத இளம்பச்சை ஜெயித்தது. எல்லோருக்கும் பிடித்தும் இருந்தது. நான் பெருமையோடு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லா இருக்கு புள்ள. முட்டி வலிக்கல" என்றார்.

கடைசியாக அவரோடு பேசியது போன தீபாவளிக்கு. அவர் கணவர் போய்ச் சில வருடமாகியிருந்தது. பேச்சுவாக்கில் பல வருடமாக என் மனத்தில் கிடந்ததைக் கேட்டேன்.

"ஆயம்மா, அன்னைக்கு முத்துசாமி மாமா தூக்குறேன்னு சொல்லாட்டி, நீங்க எழும்பியிருப்பீங்களா?"

"எழும்பியிருக்க மாட்டேன்."

"அக்கா படிப்பு?"

"போயிருக்கும். தெரிஞ்சுதான் உக்காந்தேன்."

வெற்றிலையை மென்றபடியே சொன்னார். "அதுக்கு முந்தி எத்தனையோ தடவ ஒருத்தர்ட்ட ஒதவி கேக்க நெனச்சிருக்கேன். கேக்க வெக்கமா இருந்துச்சு. உக்கார அவ்வளவு வெக்கமா இல்ல."

"எங்கம்மா திட்டுனப்போ?"

"திட்டத்தான செய்வா. அவ புள்ள வாழ்க்க. அதனாலதான் கலா இருந்த பக்கமாத் திரும்பி உக்காந்தேன். முதுகக் காட்டிட்டு ஆகாதுன்னு சொல்லக்கூடாது பாரு."

இதை அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு அது அன்றே தெரிந்திருந்தது. "என்னைய பாத்துக்கிட்டேதான் இருந்தாங்க. எனக்குக் கோவமே வரல, பயமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

விதிகள் எனக்கு இப்போது நிறையத் தெரியும், இன்னும் தெரிந்துகொள்வேன். அவற்றை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆயம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். ஒருவருக்கு எதிராக ஓட்டுப் போட வேண்டி வந்தால், அவர் முகத்தைப் பார்த்துப் போடுவேன்.